கொட்டிலுக்குள் காயாத சீலை

எங்கள் வளவில் வெயில் நன்றாக விழும் இடம் முன் முற்றம்தான். அங்கே கட்டிய கொடியில் வீட்டு உடுப்பெல்லாம் காயும். மாதவிலக்குச் சீலைகள் மட்டும் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்து விறகுக் கொட்டிலுக்குள், பழைய பாவாடை ஒன்றின் கீழே கிடக்கும். ஆம்பிளைகளின் கண்ணில் படக் கூடாது. நான் பெரிய பிள்ளையான நாளிலிருந்து அப்படித்தான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

என் மகள் சீலைக்குப் பதிலாகப் பாட் பாவித்து வளர்ந்தவள். சந்திக் கடையில் ஒரு அக்கா இருந்தவரை அவரிடம் பேப்பரில் சுற்றி வாங்கி வந்தேன். அவர் கனடா போனபின் கடையை ஒரு ஆம்பிளை நடத்தத் தொடங்கினார். அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகளும் என்னைப் போலத்தான். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக் கொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. அவளுக்கு உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

“அம்மா, இது ஈரமாக் கிடக்கு.”

“உடம்புச் சூட்டிலை காய்ஞ்சிடும். கட்டிக்கொண்டு போ, பஸ் வரப்போகுது.”

நானும் எத்தனையோ மழைக்காலம் அப்படிக் கட்டியிருக்கிறேன்.

பரீட்சை நடந்த இடத்தில் மாற்ற அவளுக்கு வெட்கம். காலையில் கட்டியதைப் பின்னேரம் வீட்டுக்கு வந்துதான் அவிழ்த்தாள். இரண்டாம் நாள் சீலை உரசிக் கடிக்குது என்றாள். உப்புத் தண்ணீரால் கழுவச் சொன்னேன். நான்காம் நாள் தொடையிடுக்கில் பாக்களவு சீழ்க்கட்டு ஒன்று சிவந்து வீங்கியிருந்தது. காலை அகட்டி அகட்டி நடந்தாள். இன்னும் மூன்று பேப்பர் எழுதக் கிடந்தது.

டிஸ்பென்சரிக்குப் போகும் வழியில் சொல்லிக் கொடுத்தேன். “கேட்டா, முள்ளுக்கம்பி கீறினது எண்டு சொல்லு.”

“எங்கை, காட்டு எண்டா?”

“காட்டமாட்டன் எண்டு சொல்லு.”

வைத்தியர் இளம் வயது ஆண். மகள் நிலத்தைப் பார்த்தபடி ஒப்புவித்தாள். அவர் என்னைப் பார்த்தார். “ஓம் ஐயா, கம்பிதான்” என்றேன். கம்பி கீறினதுக்குப் போடும் ஏற்பு ஊசியைப் போட்டு, பூச மருந்தும் தந்து அனுப்பினார்.

மூன்று நாள் பூசினோம். காய்ச்சலோடு போய் ஒரு பேப்பரை எழுதினாள். அடுத்த நாள் எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வாட்டில் தங்கவேண்டும் என்று மறித்துவிட்டார்கள். கட்டை வெட்டிச் சீழ் எடுத்தார்கள்.

வாட்டிலே வயதான தாதி ஒருவர் திரையை இழுத்துவிட்டு மகளோடு தனியே கதைத்தார். அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு என்னிடம் வந்தார்.

“ஏனம்மா, உங்கடை ஊரிலை வெயிலுக்குத் தடையோ?”

நான் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

“சோப் போட்டுத் தோய்ச்சு, வெயிலிலை மொறுமொறெண்டு காயவிட்டா சீலை ஒண்டும் செய்யாது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாத்தவேணும். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தா குளிசையோடை மாறியிருக்கும். பிள்ளை சோதினையும் எழுதியிருப்பாள்.”

பக்கத்துக் கட்டில் மனிசி சிரித்தாள். “மெல்லக் கதையுங்கோ மிஸ்ஸி. உவ வெக்கத்திலை கட்டிலுக்குக் கீழை பூந்திடுவா.”

மிச்சம் இரண்டு பேப்பரும் போய்விட்டன. அடுத்த வருசம் எழுதலாம் என்றார் தகப்பன். அவருக்குக் கட்டு என்று மட்டும்தான் தெரியும். மகள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று அதன் பிறகு எனக்குச் சொல்லவுமில்லை.

மழை விட்ட பிறகு, ஒருநாள் என் சீலைகளைத் தோய்த்து முன் முற்றத்துக் கொடியில் போட்டேன். அவள் பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். கிணற்றடிக்குப் போய்ச் சட்டி பானை கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன்.

சீலைகளின் மேல் அவளுடைய குளிக்கிற துவாய் விரித்திருந்தது. காற்றுக்கு விலகாமல் இரண்டு பக்கமும் கிளிப் குத்தியிருந்தாள். வாசலில் நின்றாள்.

“அப்பா வாற நேரம்” என்றாள்.

துவாயை எடு பிள்ளை என்று சொல்ல நினைத்தேன். படலை திறக்கும் சத்தம் கேட்டது. துவாயின் ஒரு ஓரத்தில் சீலை கொஞ்சம் தெரிந்தது. நான் ஓடிப்போய் அதை இழுத்து மூடினேன்.