மேளத்தோடு போன கார்

தாய்மாமன் சீர் கொண்டுபோவதில் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மாமன் வண்டிதான் முன்னால் போகும். சீர் ஏற்றி வரும் வண்டி அதை முந்தக்கூடாது. மாமன் ஊர்ந்தால் எல்லோரும் ஊர வேண்டியதுதான்.

என் கார் வேகத்துக்குப் பேர்போன ரகம். யாரோ ஓட்டி ஓய்ந்ததைக் கோயம்புத்தூரில் வாங்கி வந்தேன். வந்த மாதமே இன்ஜின் புகை கக்கியது. அருப்புக்கோட்டைப் பட்டறையில் இன்ஜினை இறக்கி, சிலிண்டரை மதுரைக்கு அனுப்பிக் கடைந்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டு முடிப்பதற்குள் கோடையே போய்விட்டது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். நரிக்குடியில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து என்றதும் அவள் மாமனார் வீட்டார் முன்னாலேயே அவளிடம் பீற்றிக்கொண்டேன்: "கெளம்புறேன்னு போன் போடுவேன். நீ போன வைக்கிறதுக்குள்ள நரிக்குடில நிப்பேன்."

காதுகுத்துக்கு முதல் நாள்தான் சாவி கைக்கு வந்தது. "ரிங்கு இன்னும் படியல. ஆயிரம் கிலோமீட்டர் ஓடுற வரைக்கும் நாப்பதத் தாண்டாதீக. மிதிச்சீகன்னா மறுபடி இங்கதான் வரணும்" என்றார் மெக்கானிக். காரில்தான் வருவேன் என்று சொல்லியாகிவிட்டது. வாய் என்னுடையது, யாரைக் குறை சொல்ல?

காலையில் நான் காரில் முன்னால் போக, சீர்த்தட்டும் வாழைத்தாரும் மேளக்காரர்களும் லோடு ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். திருச்சுழி தாண்டியதும் சூடு காட்டும் முள் கொஞ்சம் ஏறியது போலத் தெரிந்தது. பயந்துபோய் இருபதுக்கு இறக்கினேன். மாமன் வேகத்தைக் குறைத்துவிட்டார், ஊர் வந்துவிட்டது என்று மேளக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. ஆடு மேய்த்தவர் கம்பை ஊன்றி நின்று பார்த்தார். என்னை முந்திய டவுன் பஸ்ஸில் எல்லாத் தலையும் வெளியே வந்தது. கண்டக்டர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நிறுத்தச் சொல்லக் கை காட்டினேன். இன்னும் பலமாக வாசிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது தங்கச்சி போன் போட்டாள். "அண்ணே, நல்ல நேரம் முடியப் போகுது. மடியில வைக்க வேற ஆளப் பாக்கவான்னு கேக்குறாக." மேளச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. குரல் மலர்ந்து, "வாசலுக்கு வந்துட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்லத்தா" என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

அதற்கு மேல் முடியவில்லை. காரை ஓரங்கட்டிப் பூட்டினேன். லோடு ஆட்டோவில் ஏறி வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி பறந்தது. தங்கச்சி புருஷனுக்குப் போன் போட்டுப் புலம்பினேன்: "வண்டி ரோட்டுல அனாதையா நிக்குது மாப்ள. மனசே கேக்கல."

"நீங்க வாங்க மச்சான். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நரிக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் பைக்கில் எதிரே போனார். ஏதோ வாங்கப் போகிறார் என்று நினைத்துக் கையசைத்தேன்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு காரைத் தேடினார்கள். நான் ஆட்டோவின் பின்பக்கத்திலிருந்து குதித்தேன். அவசரமாகப் பிள்ளையை மடியில் வைத்தார்கள். என் நகத்திலெல்லாம் பட்டறையில் ஒட்டிய கறுப்பு எண்ணெய். பிள்ளையின் பட்டுச் சட்டையில் படாமல் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார், பிள்ளை வீறிட்டான். நேரம் தப்பவில்லை என்று மூச்சு விட்டேன்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "பிள்ளையோட அப்பா எங்க? கூப்பிடுங்க."

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். தங்கச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மாமன் காருக்குக் காவலுக்கு அவுக போயிருக்காக. நீங்க எடுங்க."

அந்தப் படம் அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நான் இருக்கிறேன், மேளக்காரர்கள்கூட இருக்கிறார்கள். பிள்ளையின் அப்பா இல்லை.