மெல்லப் பேசிய வீட்டுக்கு அம்மன் தந்த விடை

அம்மன் அடியார்களுக்கு வணக்கம். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஆவணி மாதம், என் மகள் வத்சலா காய்ச்சல் கண்ட ஐந்தாம் நாள் மறைந்தாள். அதுபற்றி இதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை. மருமகன் கட்டாரில் இருந்தார். ஆறு வயதுப் பேத்தி துளசி மட்டும் என்னிடம் எஞ்சினாள். அதே காய்ச்சலில் அவளும் கிடந்ததால், சடங்குகள் முடியும்வரை அயல்வீட்டில் வைத்திருந்தோம்.

எழும்பி வந்த பிள்ளை பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. துக்கம் என்றே எல்லோரும் நினைத்தோம். துக்க வீட்டில் குரலை உயர்த்தும் வழக்கம் நம்மிடம் இல்லை. வந்தவர்கள் அவள் தலையைத் தடவி, காற்றைப் போன்ற குரலில் ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்படித்தான். அம்மா இனி வரமாட்டா என்பதை அவள் தலைக்குப் பின்னாலிருந்து, மிக மெல்ல, ஒரு முறை சொன்னேன். அவள் அழவில்லை. நீந்தி வருவோரைத் தடுக்கக் கடற்படையினர் துறைமுக நீருக்குள் வெடி போடும்போது யன்னல்கள் அதிரும், அவள் திடுக்கிடுவதில்லை. "பயமில்லாத பிள்ளை" என்று அயலவர் மெச்சினார்கள்.

நான் முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். ஒலி பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியவன். எனக்கும் விளங்கவில்லை. வெள்ளிதோறும் அம்மன் சந்நிதியில் ஒன்றையே கேட்டேன்: பிள்ளையின் துக்கத்தை ஆற்று, என்னோடு அவள் பேச வேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் பாடசாலை விட்டு நாங்கள் வரும்போது, சோதனைச்சாவடியில் வரிசையை மீறித் துளசி முன்னே நடந்தாள். லொறி ஒன்று இரைந்துகொண்டு நின்றது. "நில்லு!" என்று சிப்பாய் கத்தினான். அவள் நிற்கவில்லை. இரண்டாம் முறை கத்தியபோது துப்பாக்கி உயர்ந்தது. வரிசையில் தயிர்ச் சட்டிகளோடு நின்ற கிண்ணியா ஊர்ப் பெண் ஒருவர் சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டார். ஒரு சட்டி உடைந்தது. சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினான்.

"ஐயா, கோவிக்காதீங்க," என்றார் என்னிடம், மூச்சு வாங்க. "இந்தப் புள்ளைக்குக் காது மந்தம். எண்ட மகனும் இப்படித்தான் இருந்தான். நாங்க அவனைத் திமிர் பிடிச்சவன் எண்டு அடிச்சும் போட்டம்."

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கிறது என்றார் காது வைத்தியர். பல பிள்ளைகளுக்குத் தானாகவே வற்றும். மூன்று மாதம் பொறுப்போம். வற்றாவிட்டால் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் செவிப்பறையில் சிறு குழாய் வைக்க வேண்டும். அதுவரை முகத்தைப் பார்த்து, சத்தமாகக் கதையுங்கள் என்றார்.

அன்று பின்னேரம் துளசியைக் கதிரையில் இருத்தி, எதிரே இருந்து, வகுப்பறைக் குரலில் சொன்னேன்: "அம்மா செத்துப்போனா, பிள்ளை. இனி வரமாட்டா."

அவள் என் வாயையே பார்த்தாள். "அப்ப ஏன் அம்மப்பா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல?"

மூன்று மாதம் அவள் காத்திருந்திருக்கிறாள். அன்றுதான் அழுதாள். நானும் அழுதேன்.

தயிர்க்காரப் பெண் ஒரு வைத்தியரைப் பற்றியும் சொல்லியிருந்தார். அவர் கடற்கழிக்கு அக்கரையில், கிண்ணியாவில் இருந்தார். ஊசிக்குப் பதிலாக லேசர் ஒளியால் அக்குபங்சர் செய்பவர். பேனா அளவான கருவி. நுனியில் ஒரு செம்பொட்டு வெளிச்சம். கண்ணில் படாதபடி துளசிக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, காதின் பின்னும் முன்னும், கைப் பெருவிரலின் இடுக்கிலும் பிடித்தார். "நோகுதா மகள்?" என்று கேட்டதற்கு, "இல்ல, பாட்டுப் பெட்டி லைட் மாதிரி இருக்கு," என்றாள்.

அவர் நேர்மையானவர். "இதால கட்டாயம் சுகம் வரும் எண்டு நான் சொல்லமாட்டேன், சேர். ஆஸ்பத்திரித் தவணையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

வாரம் இரண்டு தடவை போனோம். அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் தட்டையான படகில்தான் கடக்க வேண்டும். அதை ஓட்டுபவர், "என்ன சேர், காதுக்குப் போறீங்களா, தயிருக்குப் போறீங்களா?" என்று கேலி செய்வார். தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள், நடு நீரில், வழக்கம்போல் உரத்த குரலில் துளசிக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் இரு காதையும் பொத்தினாள்.

"ஏன் அம்மப்பா கத்துறீங்கள்? எல்லாரும் பாக்கினம்!"

படகே சிரித்தது. வாழ்நாளெல்லாம் பொது இடத்தில் அவமானப்பட அஞ்சிய நான், அன்று அதை ஆசீர்வாதமாக ஏற்றேன். தவணைக்குப் போனபோது, நீர் வற்றிவிட்டது, கொழும்பு தேவையில்லை என்றார் ஆஸ்பத்திரி வைத்தியர்.

ஒளி வற்றச் செய்ததா, மூன்று மாதக் காலம் வற்றச் செய்ததா, படித்தவன் என்ற முறையில் என்னால் உறுதி கூற இயலாது. ஆனால், நான் துக்கத்தை ஆற்றும்படி கேட்க, அம்மன் காதைக் காட்டினாள். உடைந்த சட்டிக்குக்கூட விலை வாங்க மறுத்த ஒரு பெண்ணின் கையால் பிள்ளையைத் திருப்பித் தந்தாள். பிழையாகக் கேட்டவனுக்கும் சரியான விடை கிடைத்தது. இதற்குச் சாட்சி நான்.

அடியார்களே, உங்கள் வீட்டில் மௌனமாகிவிட்ட ஒருவர் இருந்தால் அம்மனிடம் சொல்லுங்கள். எப்படிக் கேட்பதென்று தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், அவர் எதிரே இருந்து, அவருக்குக் கேட்கும்படி பேசுங்கள். எங்கள் வீட்டில் இப்போது வத்சலா என்ற பெயரை நாங்கள் இருவரும் சாதாரணக் குரலில் சொல்கிறோம்.