மணலில் மடங்கும் சுக்கான்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் ‘வா’ என்று கூப்பிட்டதில்லை. அப்பா கந்தளாயில் வேலை பார்த்த காலத்தில் அம்மா அவருக்கு எழுதும் கடிதத்தின் கடைசி வரி, ‘இங்கே நண்டு நல்ல மலிவு’ என்றிருக்கும். அந்தச் சனிக்கிழமையே அப்பா பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். நான் ஆசிரியர் கலாசாலையில் படிக்கப் போனபோது எனக்கு வந்த வரி, ‘முற்றத்து மாமரம் இந்த முறை முறியக் காய்த்திருக்கிறது.’ நானும் விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கூப்பிட்டு ஒருவர் வராமல் விட்டால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். நண்டைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் சங்கடமில்லை. இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களில் இப்போது மிச்சம் இரண்டு பேர்: நானும் என் தம்பியும்.

தம்பி நோர்வேயில் பஸ் ஓட்டுகிறான். போய் முப்பது வருடத்துக்கு மேல். நான் கணக்கு ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், கல்யாணம் கட்டாதவள். திருகோணமலையில் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற அதே வீட்டில் தனியே இருக்கிறேன். தனியே இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அதில் பாதி உண்மை.

போன வருடம் ஆடியில் லீவில் வந்தவன், நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலின் பின்புறத்தில் கிடந்த சின்னப் பாய்வள்ளம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். பன்னிரண்டு அடி நீளம். இரண்டு பேர் இருந்தால் முழங்காலோடு முழங்கால் முட்டும். ஐம்பது வயது தாண்டியவனுக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு என்று திட்டினேன். திட்டிவிட்டு அடுத்த நாள் காலையில் தொப்பியும் போட்டுக்கொண்டு அதில் ஏறி முன்னால் உட்கார்ந்தவளும் நான்தான்.

கொட்டியாரக்குடாவைக் குறுக்கே கடந்து கட்டைபறிச்சான் பக்கம் போனோம். கரை நெருங்க நெருங்கத் தண்ணீர் மண்நிறமாகி, அடியில் மணல் தெரிந்தது. தம்பி வள்ளத்தின் நடுவால் தண்ணீருக்குள் இறங்கியிருந்த நடுப்பலகையை இழுத்துத் தூக்கிவிட்டான். பின்னால் இருந்த சுக்கானை மறந்துபோனான். நினைவு வந்திருந்தாலும் பயனில்லை. அது கழற்றவோ தூக்கவோ வழியில்லாமல் பூட்டிய ஒற்றைப் பலகை. மணல்திட்டில் தட்டிய சத்தத்தோடு கீல் பிய்ந்து, சுக்கான் பாதியாகி, கைப்பிடி மட்டும் தம்பியின் கையில் மிஞ்சியது. அவன் அந்தக் கட்டையைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவனைப் போல எனக்குக் காட்டினான். நான் வள்ளத்தை விட்டு இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் சேலையோடு நின்று வயிறு நோகச் சிரித்தேன். திரும்பும்போது துடுப்பையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் குற்றம் சொல்லி, பொழுதுபட வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

மூன்றாம் நாள் அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வாடகை வான் வந்தது. வாசல் படலையடியில் நின்று சொன்னான்:

"அக்கா, அதுக்கு ஒரு சுக்கான் செய்விக்க வேணும். தட்டினா மடங்கி மேல வாற மாதிரி ஒண்டு. அது முடிஞ்சா ஒருக்கா வடிவா ஓடிப் பாக்கலாம்."

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் வீட்டு வழக்கப்படி, சுக்கான் முடிந்தால் அவன் வருவான்.

அதற்கு முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எடுக்கும் வீடியோ கோல் நாலு நிமிடம் நீடித்தால் பெரிய காரியம். சாப்பிட்டீங்களோ, மழையோ, பிறஷர் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ. நானும் அங்கே குளிரா என்று கேட்பேன். நோர்வேயில் குளிரா என்று கேட்கிற கேள்வியை வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்துவிட்டு, சரி அக்கா, சரி தம்பி என்று வைத்துவிடுவோம். வைத்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரியும்.

மாரி ஓய்ந்து தை மாதம் சுக்கான் கதை தொடங்கியது. அதோடு கோலும் ஒரு மணித்தியாலமாக நீண்டது.

மடங்கும் சுக்கான் பெரிய வித்தையொன்றுமில்லை. இரண்டு சின்னப் பலகைகளுக்கு நடுவில் ஒரு நீளப் பலகை ஒரே போல்டில் தொங்குகிறது. அடியில் மணல் தட்டினால் அது பின்பக்கமாக மடங்கி மேலே வந்துவிடும். ஆனால் மரம் மிதக்கிற சாமான். தட்டாத நேரத்திலும் அது மேலே வரப் பார்க்கும். அதைத் தண்ணீருக்குள் பிடித்து வைத்திருக்கப் போவது எது என்பதுதான் கேள்வி. கயிறா, றப்பரா, மரமுளையா?

தம்பி கயிற்றுக் கட்சி. கீழே இழுத்துக் கட்டிவிட்டால் அசையாது என்றான்.

"மணல் வரேக்க அவிழ்க்க மறந்தா?"

"மறக்க மாட்டன்."

"போன முறையும் மறக்க மாட்டன் எண்டுதான் போனனீ."

றப்பரைப் பற்றி எனக்கு முதலில் நல்ல அபிப்பிராயம் இருந்தது. சைக்கிள் ரியூபை வெட்டிக் கட்டினால் தட்டும்போது தானாக இழுபட்டு, பிறகு தானாகக் கீழே வரும். ஆனால் வள்ளம் வேகமெடுத்தால் தண்ணீரின் தள்ளலில் பலகை பின்னுக்குச் சாயும், அப்போது கைப்பிடியைத் திருப்பத் தோள் கழன்றுவிடும் என்றான் அவன். நான் நம்பவில்லை. குசினியிலிருந்து பெரிய சருவத்தில் தண்ணீர் நிரப்பி, அகப்பையில் ஒரு றப்பரைக் கட்டி, போனைப் பால்மா ரின்னில் சாய்த்துவைத்து, அவன் பார்த்திருக்க வேகமாக இழுத்தேன். அவன் சொன்னது சரி. அகப்பை பின்னுக்குச் சாய்ந்தது. சருவத்துத் தண்ணீரில் பாதி போனில் கொட்டியது. அவன் அங்கே மேசையில் தலையை வைத்துச் சிரித்த சத்தம் ஈரப் போனுக்குள்ளால் கேட்டது.

இந்தக் கதைகளுக்கு நடுவில்தான் மற்றக் கதைகளும் வந்தன. தன் பிள்ளைகள் வளர்ந்து வேறு வேறு ஊருக்குப் போய்விட்டதை, ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கும் வேலை என்பதால் தான் தனியே சாப்பிடுவதை, பஸ்ஸில் கடைசித் தரிப்பிடத்துக்கு ஆளில்லாமல் போகும்போது வாய்விட்டுத் தமிழில் ஏதாவது சொல்லிப் பார்ப்பதை, எல்லாம் போல்டுக்கும் கயிற்றுக்கும் இடையில் சொன்னான். நேரே கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். நானும் சொன்னேன். மாலையில் விளக்குப் போடுகிற நேரம் எனக்குப் பிடிப்பதில்லை என்று சொன்னேன்.

கடைசியில் முளைதான் என்று முடிவானது. இரண்டு பக்கத்துச் சின்னப் பலகைகளையும் நடுவிலுள்ள நீளப் பலகையையும் சேர்த்து ஒரு துளை. அதில் சின்னவிரல் பருமனில் மெல்லிய மரமுளை. ஓடும்போது அது பலகையை அசையாமல் பிடித்திருக்கும். மணலில் தட்டினால் முளை முறிந்து பலகையை விட்டுவிடும். வேறு முளையைப் போட்டால் மறுபடி சரி. கயிற்றை அவிழ்க்க யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை.

கரையோரம் கொட்டில் போட்டு வள்ளங்களுக்கு மரவேலை செய்யும் பாஸ் ஒருவரிடம் கொடுத்தேன். சின்ன வயதில் பாய் கட்டி மீன்பிடித்தவர். நான் கொப்பித் தாளில் கீறிக்கொண்டுபோன படத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"ரீச்சர், இது சுக்கானோ, சோதினைப் பேப்பரோ?"

சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் வாரம் முடித்துத் தந்துவிட்டார். தேக்குப் பலகை, கறள் பிடிக்காத போல்ட், ஒரு பையில் இரண்டு டசின் முளை. ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறு தம்பிக்குக் காட்டவேண்டும் என்று கதிரையில் சாய்த்துத் துடைத்து வைத்தேன். போன் அடித்தது. எழும்பிப் போய்ச் சுக்கானைத் தூக்கி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து போனை எடுத்தேன்.

ஏன் என்று அந்த நேரம் எனக்கே தெரியாது. இப்போது தெரியும். சுக்கான் முடிந்தது என்று சொன்னால், அடுத்த ஞாயிறு மழையோ, குளிசை போட்டீங்களோ என்ற நாலு நிமிடத்துக்குத் திரும்பவேண்டும். எனக்கு அது ஏலாமல் இருந்தது.

"எப்பிடி அக்கா, பாஸ் தொடங்கினவரோ?"

"போல்ட் எந்த அளவு எண்டு அவருக்கு ஒரு சந்தேகம்" என்றேன்.

அந்தப் போல்டை வைத்தே ஐம்பது நிமிடம் கதைத்தோம். அடுத்த வாரம் கைப்பிடியின் நீளம். அதற்கடுத்த வாரம் வார்னிஷா, பெயின்ரா. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குக் கேள்வி போட்டவளுக்குக் கேள்வி கண்டுபிடிப்பது கஷ்டமா? பெரிய வெள்ளிக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது சொல்லிவிடலாமோ என்று நினைத்தேன். எந்தச் சுக்கான் என்று பங்குச் சுவாமி கேட்பார், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

தம்பி மூன்று ஞாயிறு தொடர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டான். சுக்கான் எப்ப முடியும்? மூன்று முறையும் இன்னும் கொஞ்சம் கிடக்கு என்றேன். மூன்றாம் முறை அவன் போனைப் பார்க்காமல், யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அப்ப இந்த முறை ஏலாது போல, என்ன?"

"பாப்பம்" என்றேன்.

வைகாசியில் ஒரு நாள், வார்னிஷ் கதைக்கு நடுவில், போகிற போக்கில் சொன்னான். ஆடி லீவைச் சித்திரைக் கடைசிக்குள் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். சுக்கான் முடியாததால் தன் முறையைக் கூட வேலை செய்கிறவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டானாம்.

"பரவாயில்லை அக்கா. இனி அடுத்த வருசம்தானே."

நான் அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்டு மலிவு என்று கேட்டால் வருகிற குடும்பத்தில் பிறந்தவன் அவன். நண்டே இல்லை என்று நான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன். குரலைக் கேட்கும் ஆசையில் ஆளையே தடுத்துவிட்டேன். ஒரு கணக்கு ரீச்சருக்கு இந்தக் கணக்குப் பிழைத்தது.

அன்றும் சொல்லவில்லை. வெட்கம். ஆடி மாதம் முழுவதும் கச்சான் காற்று வீசி, குடா வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. நான் யன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன்.

ஆவணியில் பாஸ் படலையடிக்கே வந்துவிட்டார்.

"ரீச்சர், செய்த சாமானைத் தண்ணி காட்டாம வைச்சிருக்கக் கூடாது. நாளைக்குக் காத்து நல்லம். வாங்கோ, நான் பிடிக்கிறன்."

சனிக்கிழமை விடியப் புறப்பட்டோம். நான் அதே இடத்தில், முன்னால். பாஸ் பின்னால் சுக்கானைப் பிடித்தார். சொன்னபடி நல்லாய்க் கேட்குது, கைக்குப் பாரமே இல்லை என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டைபறிச்சான் கரை தெரிந்தது, தண்ணீர் மண்நிறமானது, அவர் நடுப்பலகையைத் தூக்கினார். பின்னால் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். முளை முறிந்து, பலகை மடங்கி மேலே வந்து, வள்ளம் ஒரு கீறலும் இல்லாமல் மணலில் ஏறி நின்றது.

நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். தம்பியின் முகத்தைத் தேடித்தான் திரும்பினேன். அங்கே பாஸ் இருந்தார்.

"என்ன ரீச்சர், உப்புத்தண்ணி கண்ணில பட்டிட்டுதோ?"

"ஓம்" என்றேன்.

அடுத்த நாள் பூசை முடிந்து வந்து சாப்பிடாமல் போனுக்கு முன்னால் இருந்தேன். அவன் முகம் வந்ததும், அவன் மழையைக் கேட்க முதல், சுக்கானைத் தூக்கிக் காட்டினேன்.

"முடிஞ்சுதோ! எப்ப அக்கா?"

"சித்திரை வருசத்துக்கு முதலே."

அவன் விளங்காதவனாகப் பார்த்தான். போல்ட் கதை, கைப்பிடிக் கதை, வார்னிஷ் கதை எல்லாம் பொய் என்று சொன்னேன். முடிந்தது என்று சொன்னால் நீ என்னோடு கதைக்க மாட்டாய் என்று பயந்தேன் என்று சொன்னேன். அவன் மெல்லச் சொன்னான்:

"நான் வேற மாதிரி நினைச்சிட்டன். நான் வாறது உங்களுக்குக் கரைச்சலாக்கும், அதுதான் முடிக்காம இழுக்கிறீங்கள் எண்டு."

என் அம்மா வாழ்நாளில் சொல்லாத சொல். அப்பா சொல்லாத சொல். அறுபது வயதைக் கடந்த என் வாயில் அது சுலபமாக வரவில்லை.

"வா" என்றேன். "சுக்கான் இருந்தாலும் வா, இல்லாட்டியும் வா. எனக்கு உன்னைப் பாக்க வேணும்."

போனில் அவனுடைய வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. போனை மேசையில் வைத்துவிட்டான். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தமும், மூக்கைச் சிந்துகிற சத்தமும் கேட்டன. நான் காத்திருந்தேன். முகம் திரும்பி வந்தது, கண் சிவந்திருந்தது.

"அக்கா, அந்த முளை எத்தினை கிடக்கு?"

"இரண்டு டசின் செய்தவர். ஒண்டு நேற்று முறிஞ்சது. இருபத்திமூண்டு."

"காணாது" என்றான். "இன்னும் கனக்கச் செய்யச் சொல்லுங்கோ."