கன்னத்து மை

மைக்கட்டியைத் தண்ணீர் விட்டு உரைத்ததும் கரிவாசம் எழுந்தது. புக்கிட் பெருவாங் சீன மை ஓவிய வகுப்பிலிருந்து அது என்னை ஜாசின் ஊரில் நான் வளர்ந்த வீட்டுக்கு இழுத்துப் போயிற்று.

அங்கே அம்மா விளக்குக்கரியில் மை கூட்டி, தம்பியின் கன்னத்தில் தினமும் கோணலாக ஒரு பொட்டு வைப்பாள். குறையில்லாத முகம் என்றால் கண்பட்டுவிடும் என்பாள். அவன் முதல் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனோம்.

"படத்துல அசிங்கமா தெரியும், தொடச்சிடு லா," என்றார் அப்பா. அம்மா தயங்கித் தயங்கித் துடைத்தாள்.

அன்று சாயங்காலமே தம்பிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது, கண்கள் செருகின. அப்பா டாக்சி பிடிக்க ஓடினார். "நான்தானே தொடச்சேன், நான்தானே தொடச்சேன்," என்று அம்மா அரற்றினாள். நான் மைச்சிமிழைத் திறந்து, மையை விரலால் அவன் கன்னத்தில் அப்பினேன். கன்னம் விரலைச் சுட்டது.

தம்பி தேறிவிட்டான். எனக்குத்தான் பயம் விடவில்லை.

இன்று என் தாளில் ஒற்றை மூங்கில், மிச்சமெல்லாம் வெள்ளை. எங்கும் ஒரு பிசிறில்லை. எல்லோரும் சுற்றி நின்று வியந்தார்கள். தூரிகையை உதறி, மூங்கிலின் மேலேயே ஒரு சொட்டு விழவைத்தேன்.

"நல்லாத்தானேக்கா இருந்துச்சு?" என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

"அதான்மா பயந்துட்டேன்."