பொன்னாடை பிடித்த அடைக்கலமேரி

ராயபுரத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து ஆயாம்மா அடைக்கலமேரிக்கு ஆண்டவர் கொடுத்திருப்பது லேசுப்பட்ட தொண்டை இல்லை. கூடை தூக்கி மீன் விற்ற காலத்தில், அவள் காசிமேட்டில் நின்று “வஞ்சிரம்” என்று குரல் கொடுத்தால் கல்மண்டபத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்களாம். இதைச் சொல்வது அவள் வீட்டுக்காரர் சவரிநாதன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அந்தக் குரலோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிற மனுஷன், கூட்டிச் சொல்லட்டும்.

முட்டிவலி வந்து கூடையை இறக்கி வைத்த பிறகு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. பெருக்குவது, அழுகிற பிள்ளைக்கு மூக்குத் துடைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவள்தான். அந்த மணிக்கு ஒரு கதை உண்டு. எங்கள் கோயிலில் மாதா தேர் கிளம்பும்போது அடிக்கிற மணி அது. புது மணி வாங்கியபோது, சாமியார் பழையதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். அடித்தால், பள்ளிக்கூட வாசலில் ஆப்பக்கடை போட்டிருக்கிற எனக்கு இன்றைக்கும் கை தானாக நெற்றிக்குப் போகும், சிலுவை போட.

அடைக்கலமேரியிடம் ஒரே ஒரு குறை. தெருவையே கட்டி மேய்க்கிற அந்தக் குரல், பெரிய மனுஷர் முகத்தைப் பார்த்தால் எங்கே போகுமோ தெரியாது, போய்விடும்.

எங்கள் எம்.எல்.ஏ. கார்குழலி அம்மா இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். சட்டசபை இல்லாத நாட்களில் தொகுதிக்குள் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக, ஒவ்வொரு குப்பமாகப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கும் ஒரு வழக்கம் இருக்கிறதே! வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டோம். ஐஸ் கம்பெனிக்காரர் போர்த்துவார், மீனவர் சங்கம் போர்த்தும், பெற்றோர் சங்கம் போர்த்தும், போட்டோ சரியாக விழவில்லை என்று ஐஸ் கம்பெனிக்காரர் மறுபடியும் போர்த்துவார். அதற்குள் அடுத்த இடத்துக்கு நேரமாகிவிடும். அந்த அம்மா பள்ளிக்கூடத்தின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பின்பக்கத்தில்தான் பெண்பிள்ளைகளின் கழிப்பறை. அதற்குக் கதவு கிடையாது. முன்னே இருந்தது. கடற்கரை ஊரில் தகரக் கதவு எத்தனை நாள் தாங்கும்? உப்புக்காற்று கீலைத் தின்றது, பிறகு கதவைத் தின்றது, ஒரு புயல் மீதியைத் தூக்கிக்கொண்டு போனது. மறுபடி தகரமே போட்டார்கள், அதுவும் அப்படியே போனது. தலைமை ஆசிரியை ராமசெல்வி டீச்சர் போய்ச் சொல்லாத இடமில்லை. பிள்ளைகள் ஒருத்தி உள்ளே போக, இரண்டு பேர் வாசலில் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காற்று அடித்தால் துண்டும் பறக்கும், மானமும் பறக்கும். அதனால் பெரிய பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை.

ஏழாவது படிக்கிற ஷெர்லின் அப்படித்தான் ஒருநாள் பிரேயரில் மயங்கி விழுந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. அவள் அம்மா ஓடி வந்தாள், அழுதாள், பிறகு சொல்லிவிட்டாள்: “முயுப் பரிச்ச எய்திட்டு வூட்ல குந்தட்டும். கதவு இல்லாத இஸ்கோலுக்கு வயசுப் புள்ளய அனுப்ப மாட்டேன்.”

ஷெர்லின் அடைக்கலமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆயாம்மா, நீ சொல்லேன் எம்.எல்.ஏ. கையில. உன் தொண்டைக்கு கோட்டைக்கே கேக்கும்.”

“சொல்றேன்டி. மாதா மேல ஆணையா மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.”

ஆணையிடக் கூடாது என்று நான் கிள்ளினேன். கேட்கவில்லை. போன தடவை எம்.எல்.ஏ. வந்தபோதும் சொல்லத்தான் போனாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் நின்றாள், அந்த அம்மா திரும்பிப் பார்த்தார், இவள் வாயைத் திறந்தாள். வந்த வார்த்தை, “நாஸ்தா ஆச்சாம்மா?”

“ஆச்சுக்கா” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். இவள் மாலை வரைக்கும் மணிக்குக் கீழே உட்கார்ந்து தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

இந்தத் தடவை வருகிறார் என்று தெரிந்ததும் பயிற்சி. என் ஆப்பக்கடையில்தான் நடந்தது. நான் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு எம்.எல்.ஏ.வாக உட்கார்ந்தேன்.

“அம்மா, வணக்கம். எங்க இஸ்கோல்ல...” என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்தாள். நின்றுபோனாள். “இன்னாமே மூஞ்ச அப்டி வெச்சிகினு கீற? பேஜாரா கீது. நீ அந்தாண்ட திரும்பிக்க, சொல்றேன்.”

“அவங்க திரும்பிக்கினா நிப்பாங்க?”

“அதானமே பேஜாரு!”

நான் திரும்பி உட்கார்ந்தேன். மளமளவென்று கதவு, தாழ்ப்பாள், குழாய், லைட்டு என்று மழையாகக் கொட்டினாள். திரும்பிப் பார்த்தேன். “ஆப்பம் வெந்துச்சா?” என்றாள்.

வருகிற நாள் வந்தது. ஐஸ் கம்பெனிக்காரர் தன் செலவில் யேசுதாஸின் பேண்டு செட்டைக் கூட்டிவந்திருந்தார். யேசுதாஸ் சின்ன வயதிலிருந்து மாதா தேருக்கு முன்னால் ட்ரம்பெட் ஊதுகிறவர். நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றேன். கட்டடத்தின் பக்கவாட்டில் மேடை. மேடையில் நாற்காலி, நாற்காலி மேல் துண்டு, எல்லாம் தயார்.

வெள்ளைக் கார் வந்தது. ஆரத்தி எடுத்தேன், பொட்டு வைத்தேன். ஐஸ் கம்பெனிக்காரர் மாலை போட்டார். அம்மாவின் உதவியாளர் தீபன் கையில், காலையிலிருந்து போன இடங்களில் எல்லாம் போர்த்திய பொன்னாடைகள், சலவைக்குப் போகிற துணி மாதிரிக் குவிந்திருந்தன.

“பிள்ளைகள் எல்லாம் வரிசையா வரணும், மேரி, மணி அடி!” என்றார் ராமசெல்வி டீச்சர்.

அடைக்கலமேரி அடித்தாள்.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. மாலை விழுந்தது, மணி அடித்தது. அது தேர் மணி. யேசுதாஸின் காலுக்கு வேறு என்ன தெரியும்? இத்தனை வருஷப் பழக்கம். ட்ரம்பெட்டை வாயில் வைத்தார், மாதா பாட்டு கிளம்பியது, டிரம்காரர் பின்னால் சேர்ந்தார், பேண்டு செட் மேடையைத் தாண்டி நேராக நடந்தது. தேர் கிளம்பினால் கோயிலை முழுசாக ஒரு சுற்று சுற்றித்தான் வாசலுக்கு வரவேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது.

கார்குழலி அம்மா பேண்டுக்குப் பின்னால் நடந்தார். அவருக்கு என்ன தெரியும், இதுதான் மேடைக்கு வழி என்று நினைத்திருப்பார். அவருக்குப் பின்னால் சங்கத்துக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள், பழக்க தோஷத்தில் நானும் அடைக்கலமேரியும். ஐஸ் கம்பெனிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“யோவ் மாமு! இன்னா இது, தேரா?”

“மேடை இங்கல்லா இருக்கு! அங்க எங்க போறீங்க?” என்று ராமசெல்வி டீச்சர் கத்தினார். அவர் தென்மாவட்டத்துக்காரர், பதறினால் ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

ட்ரம்பெட்டுக்கு முன்னால் யார் பேச்சு எடுபடும்? கட்டடத்துக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருப்பது சின்னச் சந்து. உள்ளே போன ஆள் திரும்ப முடியாது. நான் தட்டில் இருந்த கற்பூரம் அணையாமல் பொத்திக்கொண்டே போனேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

பின்பக்கம் வந்ததும் பேண்டு சட்டென்று நின்றது. கழிப்பறை வாசலில் ஷெர்லினும் அவள் கூட்டாளி மகிமாவும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஷெர்லின் யேசுதாஸைப் பார்த்து அலறினாள்.

“அண்ணாத்த, நில்லு! கிட்ட வராத! உள்ள ஆள் கீது!”

ஆண்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். உள்ளே இருந்த சின்னப் பிள்ளை வெளியே வந்து, இத்தனை கூட்டத்தையும் மாலை போட்ட அம்மாவையும் பார்த்து, தனக்குத்தான் இந்த வரவேற்பு என்று நினைத்ததோ என்னவோ, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடியது.

 கார்குழலி அம்மா அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அடைக்கலமேரியின் காதருகே குனிந்தார். மைக்கில் பேசுகிற தமிழ் எல்லாம் போய்விட்டது.

“அக்கா, காலைலேர்ந்து அஞ்சாறு எடம். ஒரு எடத்துல டீ, ஒரு எடத்துல எளநி, ஒரு எடத்துல பாயசம். வேணாம்னா கோச்சிக்கிறாங்கோ. என்னால இனிமே தாங்காது. நான் இங்க போலாமா?”

அடைக்கலமேரியின் கண் விரிந்தது.   மாதாவே, இந்தத் தடவை நாஸ்தா ஆச்சா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

“கதவு இல்லம்மா” என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை நாள் பயிற்சி செய்ததெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் அடங்கிவிட்டது.

“இல்லாட்டி இன்னா பண்ணுவீங்கோ?”

“புடிச்சிக்குவோம்மா.”

அம்மா தீபனைக் கூப்பிட்டார். அவர் கையில் இருந்த குவியலில் அகலமான பொன்னாடை ஒன்றை உருவினார். “அப்போ இத்தப் புடி.”

ஒரு முனையை அடைக்கலமேரி பிடித்தாள், மறு முனையை ஷெர்லின் பிடித்தாள். ஜரிகை வெயிலில் பளபளவென்று மின்னியது. ராயபுரத்தில் இத்தனை அழகான கதவு எந்தக் கழிப்பறைக்கும் இருந்திருக்காது. கடல்காற்று ஒரு தள்ளு தள்ளியது. ஷெர்லின் கீழ்முனையைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

“யோவ் யேசுதாஸ், வேடிக்கையா பாத்துகினு கீற? ஊதுய்யா!” என்று அடைக்கலமேரி கத்தினாள். யேசுதாஸ் சுவரைப் பார்த்தபடியே கன்னம் உப்ப ஊதினார். அவருக்குத் தெரிந்தது மாதா பாட்டு மட்டும்தான். மாதா ஒரு பெண், அவருக்கு எல்லாம் புரியும், கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அக்கா, கீறியா? எங்கியும் பூடாத!”

“கீறேம்மா!”

“இங்க இன்னும் இன்னா இல்ல?”

முகம் தெரியவில்லை. நடுவில் ஒரு துணி, அந்தப் பக்கம் ஒரு காது. கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிற இடத்தில் சாமியாருக்கும் நமக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்குமே, அந்த மாதிரி. அடைக்கலமேரியின் தொண்டை திறந்துகொண்டது.

“இன்னா இல்லன்னு கேக்காதம்மா, இன்னா கீதுன்னு கேளு! தாப்பா இல்ல. லைட்டு இல்ல. கொயாய்ல தண்ணி வந்தா அன்னிக்கு எங்களுக்கு பண்டிகை. புள்ளைங்க காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல. இதோ இந்தாண்ட புடிச்சிகினு கீதே, ஷெர்லினு, மயக்கம் போட்டு வுயிந்துச்சு. இது அம்மாக்காரி இஸ்கோலே வாணான்றா. கதவு போட்டா தகரத்துல போடாதம்மா, உப்புக்காத்து துன்னுடும். பிளாஸ்டிக்ல போடு!”

ட்ரம்பெட்டையும் தாண்டி முன்வாசல் வரைக்கும் கேட்டது. சவரிநாதன் வீட்டிலிருந்தே கேட்டதாகச் சொல்கிறார்.

சிரித்துக்கொண்டே கார்குழலி அம்மா வெளியே வந்தார். அடைக்கலமேரி முகத்தைப் பார்த்தாள், உடனே வாய் ஒட்டிக்கொண்டது. அம்மா அந்தப் பொன்னாடையை அவள் கையிலிருந்து வாங்கி அவளுக்கே போர்த்தினார். தீபனைப் பார்த்து, “எல்லாத்தையும் எய்திக்கினியா?” என்றார். சுவரைப் பார்த்தபடியே தீபன் தலையை ஆட்டினார்.

பிறகு பேண்டு மீதிச் சுற்றையும் சுற்றி முடித்துத்தான் மேடைக்கு வந்தது. பாதியில் விட்டால் பாவமாம். மேடையில் அம்மா கல்வியைப் பற்றி நல்ல தமிழில் பேசினார், பின்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.  மறந்துவிடுவாரோ? ஷெர்லின் தினம் வந்து அடைக்கலமேரியைப் பார்ப்பாள், அடைக்கலமேரி தெருமுனையைப் பார்ப்பாள்.

முழுப் பரீட்சைக்கு முன்பாகவே ஒரு காலை, மீன்பாடி வண்டியில் கதவுகள் வந்தன. நீல நிற பிளாஸ்டிக் கதவுகள், தாழ்ப்பாளோடு. வண்டிக்கு முன்னால் யேசுதாஸ், யாரும் கூப்பிடாமலே, ட்ரம்பெட்டோடு.

“மேரிக்கா, மணி அடி” என்றார். “இன்னிக்கு தெரிஞ்சேதான் சுத்தப்போறேன்.”

அவள் அடித்தாள். கதவுகள் பள்ளிக்கூடத்தை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தன. பிள்ளைகள் பின்னால் ஆடிக்கொண்டே போனார்கள். ராமசெல்வி டீச்சரும் ஆடினார், நான் பார்த்தேன்.

கதவை மாட்டியதும் ஷெர்லின்தான் முதலில் உள்ளே போனாள். தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. வெகுநேரம் ஆளைக் காணோம். டக், டக் என்று தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுக்கிற சத்தம் மட்டும் வந்தது.

“இன்னாடி பண்ணிகினு கீற உள்ள?” என்று அடைக்கலமேரி தட்டினாள்.

“ஒண்ணியும் இல்ல ஆயாம்மா. சும்மா நின்னுகினு கீறேன்.”

அவள் அம்மாவும் வந்திருந்தாள். கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏய், வெளிய வாடி, நானும் பாக்கணும்” என்றாள்.

ஷெர்லின் சிரித்துக்கொண்டே வந்து, என் கையில் இருந்த ஆப்பக்கடைத் தண்ணீர்ச் செம்பை வாங்கினாள். எல்லாரும் பார்க்க நின்றபடியே, கடைசிச் சொட்டு வரைக்கும் மடமடவென்று தண்ணீர் குடித்தாள்.