பூஜையில் வைத்த மவுஸ்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேற்றுக்கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்று தேடிய முதல் ஆளும் நான்தான். இரண்டாவது பெருமைக்கு, நாங்கள் குடியிருந்த தாபோடிப் பேட்டை முழுக்கவே போட்டி இருக்கவில்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷம். பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆன்டெனாவில் விழும் வானத்து ரேடியோ இரைச்சலைத் துண்டு துண்டாக நறுக்கி, உலகமெங்கும் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு விஞ்ஞானிகள் அனுப்புவார்கள். நாம் தொடாமல் விட்டால் போதும். வேறு ஏதோ சூரியனைச் சுற்றும் கிரகத்திலிருந்து யாராவது பேசுகிறார்களா என்று கம்ப்யூட்டர் தானாகவே அலசும். திரையில் வண்ணக் கோபுரங்கள் எழும்பும். தொட்டால் நின்றுவிடும்.

தசரா விடுமுறைக்குள் ஒரு துண்டை முடித்து அனுப்புகிறவர்தான் கல்லூரி அறிவியல் கண்காட்சியில் மேடையேறலாம் என்றார் பேராசிரியர். வசதியான கோத்ரூட் பகுதியிலிருந்து வரும் வகுப்புத் தோழியிடம் புத்தம்புதுக் கம்ப்யூட்டர். என்னுடையது ஏதோ ஆபீஸில் கழித்துக்கட்டியது. விடாமல் ஓட்டி, முடியும் தறுவாயில் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

அப்பா தொழிற்சாலையில் ஹெல்பர். பூஜையன்று எங்கள் வீட்டில் எந்தக் கருவியும் வேலை செய்யக் கூடாது. ஸ்பேனர், அரிவாள்மணை, லூனா மொபெட் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும்.

"கம்ப்யூட்டரை அணைச்சிடும்மா," என்றார்.

"நான் வேலை செய்யலப்பா. நான் தொடாதப்பதான் அது தேடும்."

"தொடாதப்ப வேலை செய்யுமா? எங்க பட்டறையில நேர் எதிர். சூப்பர்வைசர் பார்க்கலன்னா ஒருத்தனும் அசைய மாட்டான்."

"நேத்து அம்மா அரைச்சு வெச்ச மாவு இப்ப புளிக்குதே, அது வேலையா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா மாவுப் பாத்திரத்தைப் பார்த்தாள். அது மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது.

"மாவை ஒண்ணும் சொல்ல முடியாதுங்க," என்றாள் அம்மா. கம்ப்யூட்டர் மாவு வகையில் சேர்ந்து தப்பித்தது.

ஆனால் பக்தி வேறு வழியாக வந்தது. அம்மா மானிட்டருக்குச் சந்தனம் வைத்தாள், மவுஸுக்கும் வைத்தாள். சூடம் காட்டி முடித்ததும் அப்பா மவுஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோபுரங்கள் மறைந்தன. பிரபஞ்சத் தேடல் நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி ஓட ஆரம்பித்தபோது காக்கு என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா வந்தார். "அரே வா, கித்தி சுந்தர்!" என்று அழகை மெச்சி, கீபோர்டைத் தொட்டு நெஞ்சில் கை வைத்தார். நின்றது. மாடி வீட்டு மாமா சுண்டலுக்காகக் குடும்பத்தோடு வந்தார். எல்லாரும் வரிசையில் நின்று தொட்டார்கள்.

"கும்பிட்டா போதும் மாமா, தொடாதீங்க!"

"பூஜையில வெச்சதைத் தொடாதேங்குது உன் பொண்ணு. ஜாஸ்தி படிக்க வெச்சிட்டப்பா," என்றார் மாமா, தொட்டுக்கொண்டே.

கடைசியில் மவுஸையும் கீபோர்டையும் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இப்ப இஷ்டத்துக்குத் தொடுங்க." ஆசைதீரத் தொட்டார்கள். கோபுரங்கள் தம்பாட்டுக்கு எழும்பிக்கொண்டிருந்தன.

மறுநாள், விடுமுறையின் கடைசி நாள், துண்டு முடிந்திருந்தது. அனுப்ப மவுஸ் வேண்டுமே!

"மறுபூஜை ஆகாம எடுக்கக் கூடாது," என்றாள் அம்மா. அப்பா அன்றைக்கென்று நிதானமாகக் குளித்தார். ஒருவழியாக மவுஸ் கைக்கு வந்தபோது, அடியிலிருக்கும் பந்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்புக்குறி இடமும் வலமும்தான் போனது. அனுப்பும் பொத்தானோ கீழே. அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உதவிக்கு ஓடி வந்தார். நல்லவேளை, அதற்குள் ஊக்கால் சுரண்டிவிட்டேன். அனுப்பினேன்.

தோழியின் துண்டு முடியவில்லை. விடுமுறை முழுக்க அவள் கேம்ஸ் ஆடியதில் கம்ப்யூட்டருக்குத் தேட நேரமே கிடைக்கவில்லையாம். மேடையில் நான்தான் ஏறினேன். முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும்.

"என் துண்டில் யாரும் பேசவில்லை," என்று ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, அம்மாவுக்காகத் தமிழிலும் சொன்னேன்.

"எப்படிப் பேசுவாங்க?" என்றாள் அம்மா, அரங்கமே கேட்க. "அவங்களும் மைக்கைப் பூஜையில வெச்சிருப்பாங்க."

என்ன சொல்கிறார் என்று பேராசிரியர் கேட்டார். மொழிபெயர்த்தேன். எனக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் கைதட்டல் அதிகம். பரவாயில்லை, இரண்டும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன.