எங்கடை வீட்டுச் சர்வசன வாக்கெடுப்பு

என்ரை மனுசன் ரீவிக்கு முன்னாலை குந்தினால் நாட்டுக்கே புத்தி சொல்லுவார். "புது அரசியலமைப்பெண்டால் சனத்திட்டை நேரை கேக்கவேணும். சர்வசன வாக்கெடுப்பு இல்லாமல் ஒண்டும் செய்யேலாது." செத்தவீட்டுக்குப் போனாலும் இதைத்தான் கதைப்பார்.

எனக்குச் சீதனமாய் வந்த வாழைத்தோட்டம் நீர்வேலியிலை கிடக்கு. அதிலை ஒரு மூலையைத் தங்கச்சிக்கு எழுதிக் குடுக்க எனக்கு ஆசை. புருசனை விட்டிட்டு வந்து, பாவம், நல்லூரிலை ஒரு வாடகை அறைக்குள்ளை கிடக்கிறாள். காணி என்ரை பேரிலைதான். ஆனால் தேசவழமைச் சட்டப்படி, கலியாணம் கட்டினவள் தன்ரை காணியைக் குடுக்கிறதெண்டாலும் புருசன் கையெழுத்து வைக்கவேணும். கேட்டால், யோசிப்பம் எண்டுவார். யோசிச்சே ரெண்டு மாரிகாலம் போயிட்டுது.

ஒருநாள் எனக்கு விசர் ஏறீட்டுது. "அப்ப எங்கடை வீட்டிலையும் வாக்கெடுப்பு வைப்பம்" எண்டன். மனுசன் பூரிச்சுப்போனார். பால்மா ரின்னிலை ஓட்டை வெட்டி வாக்குப்பெட்டி செய்தார். உடுப்புக்குப் போடுற நீலத்தைக் கரைச்சு எங்கடை விரலுகளுக்குப் பூசினார். இளைய மகள் அடுப்படிக் கதவுக்குப் பின்னாலை போய் இரகசியமாய் வாக்குப் போட்டாள். மூத்தவள் கொழும்பிலை இருந்து போனிலை சொன்னாள். அவளின்ரை விரலுக்கு என்ன செய்யிறதெண்டு கன நேரம் யோசிச்சுப்போட்டு, போனுக்கு மை பூசினார்.

ஓம் மூண்டு, இல்லை ஒண்டு. ரேடியோக்காரன் மாதிரி அவரே நிண்டு அறிவிச்சார்.

"அப்ப வெள்ளிக்கிழமை காணி எழுத நொத்தாரிசிட்டைப் போவமோ?" எண்டு கேட்டன்.

"அவசரப்படாதையும். சனம் ஓமெண்டால் மட்டும் போதாது. பாராளுமன்றத்திலை மூண்டிலை ரெண்டும் வேணும்."

"இந்த வீட்டிலை பாராளுமன்றம் ஆர்?"

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். "நான்தான்."

"ஒராள் எப்பிடியப்பா மூண்டிலை ரெண்டாகிறது?"

"அதுதான் இதிலை இருக்கிற அரசியலமைப்புச் சிக்கல்" எண்டார். முகத்திலை ஒரு பொட்டுச் சிரிப்பும் இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்துது, கோவமும் வந்துது. நாட்டிலை சனத்திட்டைக் கேக்கேல்லையெண்டு கத்துற மனுசன், கேட்டு, எண்ணி, அறிவிச்சும்போட்டு அசையாமல் இருக்கிறார்.

இளையவள் அதுக்குள்ளை சித்திக்குச் செய்தி அனுப்பிப்போட்டாள். தங்கச்சி உடனை போன் எடுத்தாள். குரலிலை அவ்வளவு சந்தோசம்.

"அக்கா, வாக்கெடுப்பிலை நீங்கள் வெண்டிட்டியளாம். நாளைக்கு வேலி அடைக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"ஓம், வெண்டிட்டன்" எண்டன். "ஆளைக் கூப்பிடாதை."

"அத்தான் இன்னும் யோசிக்கிறாரோ?" எண்டு கேட்டாள்.